பதிவேட்டில் ஏறாத மனு

கண்ணு,

அறை கிடைத்துவிட்டது, எதிரிலேயே மெஸ் இருக்கிறது, தண்ணீர் காலையில் மட்டும்தான் வருகிறது என்று நேற்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொன்னாய். உன் அம்மா பக்கத்து வீட்டு ரிசீவரை விடாமல் பிடித்துக்கொண்டதால் என்னிடம் இரண்டு வார்த்தைதான் பேசினாய். நல்லதாகப் போயிற்று. உன்னைத் தாராபுரம் பஸ் ஏற்றிவிட வந்த அன்றே நான் ஒன்றைச் சொல்லிவிட நினைத்திருந்தேன். ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, தண்ணீர் பாட்டில் எடுத்தாயா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை நீ சிரித்துவிட்டாய். அத்தோடு என் தைரியம் போய்விட்டது. ஆயுசு முழுக்கக் காகிதம் எழுதிச் சம்பளம் வாங்கியவனுக்கு வாயால் சொல்ல வராததையும் எழுதத்தான் வரும் போலிருக்கிறது. திங்கட்கிழமை நீ தாலுகா ஆபீசில் போய் உட்காருவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. பத்து வருஷமாக இருந்துகொண்டிருக்கிற பயம். அது உன்னைப் பற்றியது என்பதால் உன்னிடமே சொல்கிறேன்.

பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்காக அரசு நடத்தும் ஆபீசில் அப்பாவுக்கு வேலை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்வாய். அங்கே என்ன வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மழுப்பியிருப்பேன். எங்களால் யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது. ஓய்வூதியம் உண்டா இல்லையா என்ற முடிவு வடக்கே எங்கிருந்தோ வரும். எங்கள் வேலை, வருகிறவர்களின் கதையைக் கேட்டு, இங்கிலீஷில் எழுதி, அவர்களுடைய காகிதங்களை இணைத்து அனுப்புவது. ஆனால் மஞ்சள் பையோடு பஸ் ஏறி வருகிறவர்களுக்கு நாங்கள்தான் சர்க்கார். அவர்கள் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்கள். எல்லையில் நின்ற ஆள் என் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முதல் வருஷம் எனக்கு அது கூச்சமாக இருந்தது. மூன்றாவது வருஷம் பழகிவிட்டது. ஐந்தாவது வருஷம் யாராவது கையைக் கட்டாமல் நின்றால் எரிச்சல் வந்தது. உனக்கும் இது நடக்கும். நடக்கும்போது தெரியாது.

எங்கள் மேஜைகளில் ஒரு பழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், எனக்குப் பின்னால் வந்தவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு சான்றிதழ் குறைந்தாலும் அந்த மனுவை உடனே பதிவேட்டில் ஏற்ற மாட்டோம். ஏற்றிவிட்டால் அது நிலுவை. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் ஆபீசர் மேஜைக்குப் போகும், ஏன் இத்தனை என்று கேள்வி வரும். அதனால், "எல்லாம் முழுசாகட்டும், அப்புறம் நம்பர் போடலாம்" என்று டிராயரில் வைத்துக்கொள்வோம். நம்பர் விழாத காகிதம் ஆபீசைப் பொறுத்தவரை இந்த உலகத்திலேயே இல்லை. கொண்டுவந்தவருக்கு மட்டும் அது தெரியாது.

வேலாத்தாள் என்ற அம்மா காங்கேயம் பக்கத்திலிருந்து வந்தவர். தேங்காய் காயப்போடும் களத்தில் கூலி வேலை. அவர் கணவர் பட்டாளத்தில் ஒன்பது வருஷம் இருந்தவர். அங்கே இருக்கும்போதே வலிப்பு வந்து, உடம்பு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டதற்கு, இது பிறவியிலேயே உள்ள நோய், வேலையால் வந்ததல்ல என்று பதில் வந்தது. ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த ஆளைத் தனியாக விட முடியாது. ஒருதடவை அடுப்பங்கரையில் விழுந்து தோள் வெந்துபோயிருந்தது. ஓய்வூதியம் வந்தால் அந்த அம்மா களத்துக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ஒருநாள் கிணற்றிலோ அடுப்பிலோ அவர் கதை முடியும். அவ்வளவுதான் வழக்கு. பட்டாளத்தில் சேருமுன் இவருக்கு வலிப்பு இருந்ததில்லை என்று படித்த பள்ளியிலும் ஊர் டாக்டரிடமும் எழுதி வாங்கி வரச் சொன்னேன். அலைந்து திரிந்து அக்டோபரில் இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார். "இனிக் கொறை ஒன்னுமில்லீங்களே?" என்று கேட்டார். இல்லை என்றேன். கெடுவுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. ஒன்றரை மாதம் இருக்கிறதே என்றுதான் மறுபடியும் டிராயரில் வைத்தேன்.

அப்புறம் கொடிநாள் வேலை வந்துவிட்டது. நவம்பர், டிசம்பரில் எங்கள் ஆபீசில் வேறு எதுவும் நடக்காது. பள்ளிகளுக்கும் மில்களுக்கும் கொடி அனுப்புவது, கணக்கு வாங்குவது என்று மேஜையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. அந்தச் சமயத்தில் அருள்ராஜ் ஒருதடவை என் டிராயரிலிருந்து கொடிக்கட்டு எடுக்கும்போது, "சார், அந்தக் காங்கேயத்தம்மா பேப்பரு இங்கியே இருக்குதுங்களே" என்றார். அருள்ராஜை உனக்கு நினைவிருக்கும். எங்கள் ஆபீஸ் பியூன். மழைநாளில் உன்னைப் பள்ளியிலிருந்து சைக்கிளில் கூட்டிவந்தவர், நீ மாமா என்று கூப்பிட்டவர். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அப்போது என்னைவிட இரண்டு வயது மூத்தவரை வா, போ என்றுதான் கூப்பிட்டேன். "உன் வேலையப் பாரு" என்றேன். அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

டிசம்பர் கடைசியில் வேலாத்தாள் வந்தார். நான் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தேன். "அனுப்பிச்சாச்சுங்களா?" என்றார். "அனுப்பியாச்சுங்க, பதில் வரும்" என்றேன். வேண்டுமென்று பொய் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி வாயில் தயாராக இருந்த வாக்கியம் அது. டிராயர் என் முழங்காலுக்கு நேராக இருந்தது. குனிந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். ஜனவரியில் அவர் மறுபடி வந்துபோன பிறகுதான் திறந்தேன். கொடிக்கட்டுகளுக்கு அடியில் அப்படியே இருந்தது, நூல்கூட அவிழாமல். கெடு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கே எழுந்து ஆபீசர் அறைக்குப் போய், தப்புப் பண்ணிவிட்டேன் சார் என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டு, மிஞ்சிப் போனால் ஒரு மெமோ. நான் டிராயரை மூடிப் பூட்டினேன். அதுவரை அந்த டிராயருக்குப் பூட்டுப் போட்டதே கிடையாது.

பிப்ரவரியில் அந்த அம்மா நேராக ஆபீசரிடமே போய்விட்டார். ஆபீசர் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். என்னைக் கூப்பிட்டார். அருள்ராஜ் பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அக்டோபரில் இல்லை, நவம்பரில் இல்லை, டிசம்பரில் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிய ஆபீசர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்படி ஒரு மனு வரவே இல்லை சார்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது, அதுதான் எனக்கே ஆச்சரியம். "இவருகிட்டத்தானுங்க குடுத்தேன், இந்தக் கையில" என்று வேலாத்தாள் என் கையைக் காட்டினார். வாங்கியதற்கு ரசீது இருக்கிறதா என்று ஆபீசர் கேட்டார். எங்கே இருக்கும்? நாங்கள் கொடுத்தால்தானே. "கெடு முடிஞ்சுபோச்சேம்மா, நான் என்ன பண்ண முடியும்?" என்றார் அவர். நியாயமாகத்தான் கேட்டார். அருள்ராஜ் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா கத்தவில்லை. பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, மரியாதை குறையாமல் சொன்னார்: "சரிங்க. ரசீது இல்லீங்க. வாங்கினது ஆருன்னு ஆனைமலை ஆத்தாளுக்குத் தெரியுமுங்க. வார வெள்ளிக்கிழமை போயி மொளகா அரைச்சுட்டு வாரனுங்க." ஆபீசர் வெளியூர்க்காரர், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்குப் புரியாமல் இருக்குமா? மாசாணியம்மன் கோயிலில் நியாயம் கிடைக்காதவர்கள் வரமிளகாயை அரைத்துக் கல்லில் பூசிவிட்டு வந்தால், தப்புச் செய்தவன் உடம்பு எரியும், அவன் பெற்ற பிள்ளையும் எரியும் என்பார்கள். ஆபீசில் நான் சாமி இல்லை, பூதம் இல்லை என்று பேசுகிற கட்சி. ஆயுதபூஜைக்குப் பொரி தின்பதோடு சரி. அன்று மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தவன் தாளித்த மிளகாய் ஒன்றைப் பார்த்ததும் அப்படியே மூடிவிட்டேன்.

அது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. எனக்கு இருப்பது நீ ஒருவன். அந்த வாரம் நடந்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும், காரணம்தான் தெரியாது. உன் சைக்கிள் தினமும் காற்று இறங்கிக் கிடந்ததே, எதிர்வீட்டுப் பையன்தான் செய்தான் என்று அவனோடு சண்டை போட்டாயே, அந்த வால்வ் டியூபைப் பிடுங்கியது நான். லாரி ஓடுகிற ரோட்டில் நீ சைக்கிளில் போவதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகும் பல மாதம் உனக்கு டியூப் வாங்கித் தராமல் டவுன் பஸ்ஸிலேயே அனுப்பினேன். ஏழாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் மலம்புழா டூர் போனார்கள். அணை, தண்ணீர் என்று நினைத்ததும் உன்னை வீட்டை விட்டே அனுப்பவில்லை. நீ சாப்பிடாமல் அழுதாய். அப்பா கருமி என்று அம்மாவிடம் சொன்னாய். உன் நெற்றியை நான் அடிக்கடி தொட்டுப் பார்த்ததைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "ஏனுங்க, அவனுக்கு ஒன்னுமில்லீங்க. உங்களுக்குத்தான் மொகமே செரியில்லை. ஆபீஸ்ல ஏதாச்சுங்களா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். வியாழக்கிழமை உன் கழுத்தில் வேர்க்குரு மாதிரி சிவப்பாக இரண்டு கண்டேன். கொசு கடித்ததாக இருக்கும். அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லீவு சொல்லிவிட்டு, டிராயரிலிருந்த கட்டைப் பைக்குள் போட்டு, உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் பிடித்து ஆனைமலை போனேன். கூட்டம் நெருக்கியது. அரைக்கும் கல்லுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. கோயிலில் இருக்கிற கலகலப்பு அந்த வரிசையில் மட்டும் இல்லை. நகை திருட்டுக் கொடுத்தவர்கள், நிலம் பறிகொடுத்தவர்கள், யார் யாரோ. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இத்தனை பேரையும் இங்கே அனுப்பிய ஆட்கள் இந்நேரம் எங்கெங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்களோ என்று தோன்றியது. வேலாத்தாள் முன்னாலிருந்து நாலாவது. முந்தானையில் மிளகாய் முடிந்திருந்தார். நான் போய் எதிரில் நின்று பையைத் திறந்து காட்டினேன். "பேப்பர் என்கிட்டத்தானுங்க இருக்குது. மறந்துபோட்டேனுங்க" என்றேன். என் வாழ்க்கையில் வேலாத்தாள் மாதிரி ஒருவரிடம் நான் 'ங்க' போட்டு மனசாரப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கட்டை வாங்கவில்லை. வரிசையை விட்டும் நகரவில்லை. "இனி அனுப்புனா ஏத்துக்குவாங்களா?" என்றார். தாமதம் அவர்மேல் இல்லை, எங்கள்மேல்தான் என்று ஆபீஸ் எழுதிக்கொடுத்தால் ஏற்றுக்கொள்ள வழி உண்டு என்றேன். "அப்ப, நீங்கதான் வெச்சிருந்தீங்கன்னு ஆபீசருகிட்டச் சொல்லுவீங்களா?" எனக்கு ஒரே பையன் என்றேன். அதற்கும் அவர் கேட்டதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அவருக்கு அது புரிந்தது. முன்னால் இருந்தவர் அரைத்து முடித்து எழுந்தார், இவருடைய முறை வந்தது. பின்னால் இருந்தவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு ஒதுங்கி வந்தார். "எழுதி அனுப்புங்க. மொளகா ஒன்னும் கெட்டுப்போற பண்டமில்லீங்க. வெள்ளிக்கு வெள்ளி பஸ் இருக்குது" என்றார். நான் கும்பிட்டேன். படுத்திருக்கும் ஆத்தாளைக் கும்பிடாமலே வெளியே வந்து பஸ் ஏறினேன்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. ஒரு தப்புச் செய்தேன், திருத்திக்கொண்டேன் என்று உன்னிடம் பெருமையாகவே சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை கட்டை எடுத்துக்கொண்டு ஆபீசர் அறைக்குப் போனேன். வழியெல்லாம் உண்மையைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் நிமிர்ந்து, "எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். "பதிவறையில் பழைய கட்டுக்குள் கிடந்தது சார்" என்றேன். "பதிவறை யார் பொறுப்பு?" "அருள்ராஜ்தான் சார்." இரண்டே வார்த்தை. வாசலில் மனுவை வாங்கி என்னிடம் தராமல் எங்கோ செருகிவிட்டார் என்று ஆபீசர் தானே முடிவு கட்டிக்கொண்டார். அந்த அம்மா என் கையைக் காட்டியது அவருக்கு நினைவிருந்திருக்கும். ஆனால் எழுத்தர் சொல்வதற்கும் பியூன் சொல்வதற்கும் நடுவில் எதை நம்புவது என்று ஆபீசுகளில் யாரும் யோசிப்பதில்லை. அதிலும் அருள்ராஜின் அப்பா அம்மா பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர்கள். அவர்கள் குடும்பத்தில் சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். ஊழியரின் கவனக்குறைவால் தாமதம் என்று மேல்முறையீட்டில் ஒரு பத்தி சேர்த்தோம். நான்தான் டைப் அடித்தேன். அருள்ராஜுக்கு மெமோ போயிற்று. அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுவிட்டு வந்தேன். அவர் பெயரைச் சொல்லும்போது என் மனதில் ஒரு நினைப்பு ஓடியது. இவர் சர்ச்சுக்குப் போகிற ஆள், இவர் ஆனைமலைக்குப் போக மாட்டார் என்று நினைத்தேன் கண்ணு. யார் மிளகாய் அரைக்க மாட்டாரோ அவராகப் பார்த்துத் தப்பைத் தூக்கி வைத்தேன். உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என் மேஜையையும் நாற்காலியையும்தான். அருள்ராஜுக்கு ரெக்கார்டு கிளார்க் பதவி உயர்வு வருவதாக இருந்தது, அது நின்றது. ராமநாதபுரம் பக்கம் மாற்றினார்கள். மூன்று மாதம் கழித்து, பெட்டியோடு ஆபீசுக்கு வந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும் சொன்னார். "போயிட்டு வாரனுங்க சார். தம்பியக் கேட்டதாச் சொல்லுங்க."

அடுத்த வருஷம் வேலாத்தாளின் மேல்முறையீடு ஜெயித்தது. தாமதத்தையும் மன்னித்து, ஓய்வூதியமும் கொடுத்தார்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "சொன்னபடி எழுதிக் குடுத்துட்டீங்களாட்ட இருக்குது. உங்க பையன் நல்லா இருக்கோணுமுங்க" என்றார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு பயம் போய்விடும் என்றுதான் எதிர்பார்த்தேன். போகவில்லை, ஆள்தான் மாறியது. பத்தாவதில் நீ விழுந்து கையை முறித்துக்கொண்டபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, இது அருள்ராஜுடையது என்று நினைத்தேன். டைபாய்டு வந்து பதினெட்டு நாள் கிடந்தாயே, அப்போதும் அதே நினைப்பு. நீ பாஸான ஒவ்வொரு பரீட்சையும், நீ பத்திரமாக வீடு திரும்பிய ஒவ்வொரு சாயங்காலமும் எனக்குத் தள்ளிப்போன வாய்தா மாதிரிதான் இருந்தது. அப்பா ஏன் எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிறார் என்று நீ உன் அம்மாவிடம் கேட்பாய். உன் அம்மாவுக்கும் தெரியாது. இப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரியப் போகிறது.

உனக்கு வேலை உத்தரவு வந்த அன்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என் பிள்ளையும் ஒரு டிராயருக்கு முன்னால் உட்காரப் போகிறான். போன மாதம், கடைவீதிக்குப் போவதாக உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, நான் சூலூருக்குப் போனேன். அருள்ராஜ் ஓய்வு பெற்று அங்கே வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். தறிச்சத்தம் கேட்கிற ஒரு சந்தில் சின்ன வீடு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது. உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், டைப் அடித்ததையும், அவர் சர்ச்சுக்குப் போகிறவர் என்று போட்ட கணக்கையும். முடித்ததும், "தெரியுமுங்க சார். அன்னைக்கே தெரியும். அந்தக் கட்டு உங்க டிராயர்ல இருந்ததைப் பாத்தவனே நாந்தானுங்களே" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆருகிட்டங்க சொல்றது?" என்றார்.

அவருடைய சம்சாரம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், அப்போதுதான் பேசினார். "சர்ச்சுக்குப் போறவங்க போகமாட்டாங்கன்னு நெனச்சீங்களாக்கு? எங்க சனத்துல எத்தன பேரு போயிருக்காங்க தெரியுங்களா? நெஞ்சு கொதிச்சா அதெல்லாம் ஆரு பாக்கறா. மாத்தல் காயிதம் வந்த வாரமே நான் மொளகாயக் கட்டிப்போட்டேன். இவுரு வேண்டாம் வேண்டாம்ன்னாரு. நாந்தான் இழுத்துக்கிட்டு உக்கடம் வரைக்கும் வந்தேன்." கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தமுங்க. பள்ளிக்கூடம் உட்டு உங்க பையன் அங்க வந்துது. இவுரப் பாத்துட்டு, மாமா மாமான்னு கூட்டத்துக்குள்ள பூந்து ஓடியாந்துது. எங்க போறீங்கன்னு கேட்டுது. இவுரு ஒன்னும் பேசல. நான், சாப்புட்டியா சாமின்னேன். மத்தியானம் டிப்பனக் கொட்டிப்போட்டேன் அத்தை, பசிக்குதுன்னுது. ரெண்டு பன்னு வாங்கிக் குடுத்தேன். தின்னுபோட்டு, எங்க பையை வாங்கி அது தூக்கிட்டு நின்னுதுங்க, பஸ்ஸு வர்ற வரைக்கும். உள்ள என்ன இருக்குதுன்னு அதுக்குத் தெரியுமா? பஸ்ஸு வந்துது. நான் ஏறல. அந்த மொகத்தப் பாத்துட்டு என்னத்தப் போயி அரைக்கறதுங்க?"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அறுபதை எட்டிப் பிடிக்கிற ஆள், அடுத்தவர் வீட்டில் அப்படி அழலாமா என்றெல்லாம் நினைக்கவில்லை. அவர் சம்சாரம் சமாதானம் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். அது சரிதான். அவர்கள் மனமிரங்கியது உனக்காகத்தான், எனக்காக அல்ல.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் அப்புறம் செய்தேன். அருள்ராஜின் தண்டனையை ரத்து செய்யக் கேட்டு ஒரு மேல்முறையீடு எழுதினேன். கெடு எப்போதோ முடிந்துவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சொல்லும் பத்தியில், எந்த நாளில் மனுவை வாங்கினேன், எங்கே வைத்தேன், யார்மேல் சொன்னேன் என்பதை என் பெயர் போட்டு எழுதிக் கையெழுத்திட்டேன். அவரும் கையெழுத்துப் போட்டார், ரொம்ப யோசித்துவிட்டுத்தான். நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். என் ஓய்வூதியத்தில் கை வைத்தாலும் வைப்பார்கள். உன் புது ஆபீசில் யாராவது, இன்னாருடைய பையன்தானே என்று ஒரு மாதிரியாகக் கேட்கலாம். சேர்ந்த உடனே உனக்கு இப்படி ஒரு பெயரைக் கொடுக்கிறேனே என்று இருக்கிறது. ஆனால் ஒரு வருஷம் கழித்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் அது எந்த டிராயருக்குள் போகும் என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பெரியவனாகி எப்படி இருக்கிறான் என்று அந்த அம்மா இரண்டு தடவை கேட்டார். அடுத்த ஞாயிறு நீ வீட்டுக்கு வரும் பஸ் சூலூர் வழியாகத்தான் வரும். காலையிலிருந்து நான் அங்கே ஸ்டாப்பில் நிற்கிறேன். இதைப் படித்த பிறகு என்னோடு பேசத் தோன்றாவிட்டால் பேச வேண்டாம். அவர்கள் வீடு வரைக்கும் வழி காட்டிவிட்டு நான் வெளியிலேயே இருந்துகொள்கிறேன். இறங்கவே மனசில்லாவிட்டால் அப்படியே கோயமுத்தூர் போய்விடு, உன் அம்மா சமைத்து வைத்திருப்பாள். ஒவ்வொரு பஸ்ஸிலும் உன் முகத்தைத் தேடிக்கொண்டு, நீ இறங்குவாயோ மாட்டாயோ என்று பயந்துகொண்டு நான் நிற்பேன்.

அப்பா